வேலையைப் பார்த்து வந்த காதல்

காதல் நகைச்சுவைப் படங்களில் நாயகனும் நாயகியும் முதலில் முட்டிக்கொள்வார்கள், பிறகு சேர்ந்துவிடுவார்கள். எதைக் கண்டு மனம் மாறினார்கள் என்று கேட்டால், அழகைத் தவிர வேறு காரணம் பெரும்பாலும் அகப்படாது. 1958-இல் பாரமவுண்ட் வெளியிட்ட 'டீச்சர்ஸ் பெட்' படத்தில் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. இங்கே ஒருவர் வேலை செய்யும் நேர்த்தியைப் பார்த்து இன்னொருவர் மயங்குகிறார். அதனால்தான் இந்தப் படம் எனக்கு இத்தனை பிடித்திருக்கிறது.

ஜேம்ஸ் கேனன் நியூயார்க் நாளிதழ் ஒன்றின் நகரச் செய்தி ஆசிரியர். கல்லூரி வாசலை மிதிக்காமல், அடிமட்டத்திலிருந்து உழைத்து மேலே வந்தவர். பத்திரிகைத் தொழிலை வகுப்பறையில் கற்றுக்கொடுக்க முடியாது என்பது அவர் கொள்கை. மாலைக் கல்லூரியில் இதழியல் நடத்தும் எரிக்கா ஸ்டோன் அவரைப் பாடம் எடுக்க அழைக்கிறார். கேனன் படிப்பையே பழித்து ஒரு கடிதம் அனுப்புகிறார். நிர்வாகம் கண்டித்ததால் மன்னிப்புக் கேட்கப் போன அவர் வகுப்பில் நுழையும் நேரத்தில், எரிக்கா அந்தக் கடிதத்தையே மாணவர்கள் முன் படித்துக் கிழித்துத் தொங்கவிடுகிறார். கேனனுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. யாரென்று சொல்லாமல், காலகர் என்ற பொய்ப் பெயரில் மாணவராகச் சேர்ந்துகொள்கிறார்.

படத்தின் உயிர் அடுத்து வரும் வகுப்பறைக் காட்சியில் இருக்கிறது. ஒரு கொலைச் செய்திக்கான தகவல்களைக் கொடுத்து, செய்தியாக எழுதச் சொல்கிறார் எரிக்கா. மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, கேனன் மளமளவென்று தட்டி முடித்துவிடுகிறார். அதை வாங்கிப் படிக்கும், எரிக்காவாக நடித்த டோரிஸ் டேயின் முகத்தைப் பாருங்கள். முதலில் ஆசிரியைக்குரிய கண்டிப்பு. படிக்கப் படிக்க அது கலைந்து, நல்ல எழுத்தைக் கண்டுகொண்டவரின் மகிழ்ச்சி வந்து உட்காருகிறது. காதல் வசனம் ஒன்றுகூட இல்லை. ஆனால் காதல் தொடங்கிவிட்டது. எரிக்கா அத்தோடு விடவும் இல்லை. யார், என்ன, எங்கே, எப்போது என்பதெல்லாம் சரி, ஏன் நடந்தது என்று கேட்கிறார். வானொலியும் தொலைக்காட்சியும் முந்திக்கொண்டு செய்தி சொல்லும் காலத்தில், நாளிதழ் காரணத்தையும் சொன்னால்தான் நிற்கும் என்பது அவர் வாதம். எத்தனையோ வருட அனுபவசாலி கேனனுக்கு அந்த ஒரு கேள்வி உறைக்கிறது. பெண்ணுக்குப் பத்திரிகை பற்றி என்ன தெரியும் என்று வந்தவர், அவரிடமே பாடம் கேட்கிறார்.

கதை வசனம் எழுதியவர்கள் ஃபே கானினும் மைக்கேல் கானினும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து எழுதியதாலோ என்னவோ, வாதத்தில் எந்தப் பக்கமும் இளைத்துப்போகவில்லை. 1942-இல் வந்த 'உமன் ஆஃப் தி இயர்' படத்துக்காக ரிங் லார்ட்னர் ஜூனியருடன் ஆஸ்கர் வாங்கியவர் மைக்கேல். அதுவும் ஒரே பத்திரிகையில் வேலை செய்யும் ஆணும் பெண்ணும் மோதும் கதைதான். ஆனால் அதன் முடிவில் கெட்டிக்காரப் பெண் அடுப்படியில் திண்டாடித் தலைகுனிய வேண்டியிருந்தது. 'டீச்சர்ஸ் பெட்' எரிக்காவை அப்படிச் சிறுமைப்படுத்தவில்லை. அவர் கடைசிவரை நல்ல ஆசிரியைதான்.

இந்தக் காதலில் மூன்றாவது ஆள் டாக்டர் ஹியூகோ பைன், உளவியல் அறிஞர். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு அசட்டு மாப்பிள்ளையை நிறுத்தி, நாயகனுக்கு வழிவிடச் செய்வார்கள். கிக் யங் நடித்த ஹியூகோவோ படித்தவர், அழகர், ஆடத் தெரிந்தவர், இரவு விடுதியில் பாங்கோ மேளத்தையும் ஒரு கை பார்ப்பவர். அவரைக் குடியிலாவது கவிழ்க்கலாம் என்று கேனன் ஊற்றிக்கொடுக்கிறார். ஹியூகோ அசையவே இல்லை. வெளிக்காற்று முகத்தில் பட்டதும்தான் வேரறுந்த மரமாகச் சாய்கிறார். மறுநாள் தலைவலியோடு தவிக்கும் அந்த மனிதரிடமே கேனன் யோசனை கேட்டு வந்து நிற்பதும், ஹியூகோ பெருந்தன்மையோடு உதவுவதும் படத்தின் மிக நல்ல காட்சிகள். போட்டியாளனை நண்பனாக்கியதில் கதையின் பண்பு தெரிகிறது. இந்த வேடத்துக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. கானின் தம்பதியின் திரைக்கதைக்கும் கிடைத்தது.

கதையின் துணிச்சலான இடம் பிற்பகுதியில் வருகிறது. எரிக்காவின் தந்தை சிற்றூர்ப் பத்திரிகை ஆசிரியர், புலிட்சர் பரிசு பெற்றவர். மகளுக்கு அவர்தான் இலக்கணம். கேனன் அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்கிறார். தலையங்கங்கள் அருமை, செய்திப் பக்கங்கள் சோடை. அதை எரிக்காவிடமே சொல்லிவிடுகிறார். எரிக்கா கொதிக்கிறார். பிறகு ஒரு ஆசிரியையின் கண்ணோடு தானே படித்துப் பார்த்து, அவர் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்கிறார். செத்துப்போன அப்பாவின் பத்திரிகையைக் குறை சொல்வதைக் காதல் கதைக்குள் வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? கேனனுக்கும் அதே அளவு வலிக்கிறது. மகனை வேலையை விட்டு நீக்கிப் படிக்க அனுப்பும்படி ஒரு தாய் அவரிடம் கெஞ்சுகிறாள். முதலில் மறுத்தவர், படிப்பு இல்லாத தன் குறையை உணர்ந்த பிறகுதான் அவள் பக்க நியாயத்தைக் காண்கிறார்.

இயக்குநர் ஜார்ஜ் சீட்டன் கறுப்பு வெள்ளையில், ஆர்ப்பாட்டமில்லாமல் எடுத்திருக்கிறார். செய்திக்கூடம் அசல் செய்திக்கூடமாகவே இருக்கிறது. நிஜப் பத்திரிகையாளர்கள் பலர் தாங்களாகவே வந்துபோகிறார்கள். 1934-இல் 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' படத்தில் நிருபராக நடித்து ஆஸ்கர் வென்ற கிளார்க் கேபிள், இங்கே கேனனாக, அந்த நிருபர் வயதேறி நாற்காலியில் அமர்ந்ததுபோல் இருக்கிறார். அவர் பேசுவதைவிட, மாட்டிக்கொண்டு விழிக்கும் இடங்களில்தான் சிரிப்பு பீறிடுகிறது. விடுதிப் பாடகியாக மேமி வான் டோரன் ஆடிய ஆட்டத்தை டோரிஸ் டே பின்னால் செய்துகாட்டும் கேலி, அவருடைய நகைச்சுவைத் திறனுக்கு ஒரு காட்சி போதும் என்று சொல்ல வைக்கும்.

குறைகள் உண்டு. இரண்டு மணி நேரப் படத்தில் கடைசிப் பகுதி கொஞ்சம் இழுக்கிறது. நாயகனுக்கும் நாயகிக்கும் 21 வயது இடைவெளி. முதல் அரைமணியில் அது உறுத்தும். பொய்ப் பெயரோடு ஒரு பெண்ணை நெருங்குவது தவறு என்பதும் இன்றைய கண்ணுக்கு உடனே படும். படம் அந்தத் தவறை மூடி மறைக்காமல், எரிக்காவின் கோபத்துக்கு உரிய மதிப்பைக் கொடுக்கிறது.

அனுபவமா படிப்பா என்ற சண்டை எல்லாத் தொழிலிலும் உண்டு. அதில் ஒருவரை ஜெயிக்கவைத்துக் கைதட்டல் வாங்குவது எளிது. இந்தப் படம் இருவரையும் ஆளுக்கொரு நம்பிக்கையை இழக்கவைத்து, இழந்த இடத்தில் அடுத்தவரின் அறிவை வைக்கிறது. அதனால் அவர்கள் சேரும்போது அது கதாசிரியர் செய்துவைத்த கல்யாணமாகத் தெரியவில்லை. இனி இவர்கள் சேர்ந்து செய்யும் வேலை நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையும் நமக்கு வருகிறது. காதல் நகைச்சுவை எழுத நினைக்கிறவர்கள் முதலில் பார்க்கவேண்டிய படம் இது.