கடல் பக்கமிருந்து

ஹாங்காங் காலனி அரசின் பழைய கெசட்டுகளில் எனக்குப் பிடித்தவை கடலோடிகளுக்கான அறிவிப்புகள்தான். 1875 ஏப்ரலில் அங்கே முதல் கலங்கரை விளக்கம் டகிலார் முனையில் ஏற்றப்பட்டது. சில மாதங்களில் கிரீன் தீவில் இன்னொன்று. புது விளக்கு பற்றிய அறிவிப்புக்கு ஓர் அச்சு உண்டு: அட்சரேகை, தீர்க்கரேகை, ஒளி நிலையானதா சுழல்வதா, வெள்ளையா சிவப்பா, கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை அடி, தெளிந்த வானிலையில் எத்தனை மைல் தெரியும். அலங்காரம் கிடையாது.

அதில் ஒரு நுணுக்கம். திசைகளைக் கடல் பக்கமிருந்தே குறிப்பார்கள். எழுதுபவர் கரையில் நாற்காலியில் இருக்கிறார். பார்ப்பதோ இருட்டில் சுக்கான் பிடித்திருப்பவனின் கண்ணால். சர்க்கார் எழுத்தில் இந்த மரியாதை அபூர்வம்.

அதே கெசட்டில்தான் அபின் குத்தகை அறிவிப்பும். அபினைக் காய்ச்சிச் சில்லறையில் விற்கும் ஏகபோகத்துக்கு டெண்டர் கேட்பார்கள். குத்தகை எடுத்தவர் தன் சொந்த ஆட்களை வைத்தே கள்ள அபினுக்கு வீடு புகுந்து சோதனை போடலாம். குரல் மட்டும் விளக்கு அறிவிப்பின் அதே நிதானக் குரல்! எனக்கு உறுத்துவது அதுதான். தவணை, பிணை, கெடு தேதி எல்லாம் இருக்கும், புகைப்பவன் இருக்கமாட்டான். 1914இல் குத்தகையை ஒழித்து அரசே அந்த வியாபாரத்தை எடுத்துக்கொண்டது. டெண்டர் கேட்கிற வேலை மிச்சம்.