ஒரு கட்டடக்கலை நிறுவனமும் அதன் மூன்று ஆக்கங்களும்

கட்டடம் ஒன்றினைத் தனியொருவரின் கற்பனையெனப் போற்றுதல் திறனாய்வாளரிடையே வேரூன்றிய வழக்கமாகும். ஜெப்ரி பாவாவைப் பற்றிய எழுத்துக்களுட் பெரும்பாலன இவ்வழிச் செல்வனவே. 1919 இல் பிறந்து 2003 இல் மறைந்த அவர் பெருங்கலைஞர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவர்தம் புகழுக்குரிய கட்டடங்களுட் பல, 1923 இல் கொழும்பில் தோன்றிய எட்வேட்ஸ், றீட் அன்ட் பெக் என்னும் நிறுவனத்தின் வாயிலாக எழுந்தவை. பாவா 1958 இல் அதன் பங்காளரானார்; டென்மார்க்கு நாட்டினரான உல்றிக் பிளெஸ்னர் சில்லாண்டுகள் அவருடன் பணியாற்றினார்; பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம் நெடுங்காலம் பங்காளராக விளங்கினார். இக்கூட்டு முயற்சியை மறந்து அக்கட்டடங்களை மதிப்பிடுதல் பொருந்தாது.

1962 இல் கொழும்பில் நிறைவுற்ற ஈனா த சில்வா இல்லத்தை முதற்கண் நோக்குவோம். தோட்டத்தின் நடுவே மாளிகை நிற்பது அந்நாளைய செல்வர் வழக்கு. நிலம் சுருங்கிய நகரில் அது இயலாதாகவே, மதிலை எல்லையாகவும் முற்றத்தை நடுவாகவுங் கொண்டு அறைகள் அமைக்கப்பட்டன. நாற்சார் வீட்டை அறிந்த யாழ்ப்பாணத்தார்க்கு இம்முறை புதிதன்று. பழைமை மீதுற்ற பற்றினாலன்றித் தேவையினாலேயே முற்றம் இங்கு மீண்டது என்பது கருதத்தக்கது. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் உருக்கும் கண்ணாடியும் அரியவாக, உள்ளூர்ச் செங்கல்லும் மரமும் ஓடும் மதிப்புப் பெற்றன. நெளி சீமெந்துத் தகட்டின்மேல் அரைவட்ட ஓடு பரப்பும் முறையையும் இந்நிறுவனத்தார் கையாண்டனர். தகடு மழையைத் தடுக்க, ஓடு வெப்பத்தைத் தணித்தது.

1978 இல் முடிவுற்ற அரச ஈட்டு வங்கிக் கட்டடம் பன்னிரண்டு மாடிகளையுடையது. வெயிலையும் மழையையும் விலக்கிக் காற்றை மாத்திரம் உட்புகவிடும் அதன் திறப்புக்கள், அதே சிந்தனை உயர்மாடிக்கும் ஏற்குமெனக் காட்டின.

1979 இல் தொடங்கி 1982 இல் திறக்கப்பெற்ற கோட்டைப் பாராளுமன்றமோ வேறு வகையினது. ஏரி நடுவே செப்புக் கூரைகள் தோன்றும் அழகை மறுப்பாரிலர். எனினும், கூரை உள்நாட்டு மரபினதாக, எதிரெதிர் வரிசைகள் கொண்ட அவை வெஸ்ட்மின்ஸ்டர் மரபினதாக உள்ளது. நீர் சூழ்ந்த மன்றம் குடிமக்கள் அணுகும் இடமாக அமையாது, தொலைவில் நின்று நோக்குங் காட்சியாகவே அமைந்துவிட்டது. இல்லத்தில் தேவை உருவத்தைப் பிறப்பித்தது. இங்கு உருவமே முந்திக்கொண்டது என்பது எம் கருத்து.

ஈனா த சில்வா இல்லம் பின்னர் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுனுகங்கைத் தோட்டத்தில் மீளக் கட்டப்பெற்று 2016 இல் நிறைவெய்தியது. அழிவினின்று அது காக்கப்பட்டமை போற்றற்குரியது. ஆயினும், நெருக்கமான நகர நிலத்துக்கு விடையாகப் பிறந்த முற்றம், பரந்த தோட்டத்தினிடையே தன் வினாவை இழந்து நிற்கின்றது. கட்டடக்கலை பயிலும் மாணாக்கர் ஓட்டையும் தூணையும் பின்பற்றுவதினும், தம் நிலமும் காலமும் எழுப்பும் வினாவை அறிந்துகொள்ளுதலே இந்நிறுவனத்திடமிருந்து பெறத்தக்க பயனாகும்.