அம்மன் காசும் ஒத்திகைக் கூலியும்

கலையைப் பற்றிப் பேசும்போது காசைப் பற்றிப் பேசக்கூடாது என்றொரு நாகரிகம் நம்மிடம் இருக்கிறது. பிரதி, பிரதியின் அரசியல், பிரதியின் மௌனம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்தப் பிரதிக்கு அட்வான்ஸ் கொடுத்தது யார் என்று கேட்பதில்லை. காசு என்பது பிரதிக்கு வெளியே நிற்கும் சமாச்சாரம் என்ற நினைப்பு. நான் அப்படி நினைக்கவில்லை. கொடுக்கப்படும் காசின் வடிவம்தான் பல சமயம் கலையின் வடிவத்தையே எழுதுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நவராத்திரி நாட்களில் ஜனங்களுக்கு அரிசியோடு ஒரு செப்புக் காசும் கொடுப்பார்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. அம்மன் காசு. 320 காசு சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். வாங்குகிறவன் வாழ்க்கை அதனால் மாறிவிடாது. மாற வேண்டும் என்பது நோக்கமுமல்ல. கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே என்ற காட்சி வருஷம் தவறாமல் நடந்தேற வேண்டும், அவ்வளவுதான். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. காசு செல்லாமல் போனது. காட்சி போனதா என்பதுதான் என் சந்தேகம்.

இன்று மாவட்டக் கலை மன்றங்கள் கொடுக்கும் விருதுகளைப் பாருங்கள். 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கும் மேல் கலை முதுமணி. தொகை 4,000 ரூபாயில் தொடங்கி 20,000 ரூபாயில் முடிகிறது. கலைஞர் என்ன செய்யப்போகிறார் என்பதல்ல, எத்தனை வயது ஆகிறது என்பதே இங்கு வகைப்பாடு. ஒரு கரகாட்டக்காரம்மா தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழை இளக்காரமாகப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் இது நடந்து முடிந்த கலைக்கான மரியாதை. இன்னொரு புறம் 'நலிந்த கலைஞர்'களுக்கு அரசின் மாத உதவி உண்டு. உதவி வேண்டுமென்றால் முதலில் அந்த அடைமொழியைச் சுமக்கச் சம்மதிக்க வேண்டும். ஒரு நாடக பபூனுக்காக இப்படியொரு படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்: வயது, அனுபவம், வருமானம், யாரிடம் கற்றது. அடுத்து என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்று கேட்க அதில் ஒரு கட்டம்கூட இல்லை. 'மணி' அல்லது 'நலிந்த' — இரண்டுக்கும் நடுவில், பாதி எழுதிய நாடகத்தோடு திரிகிறவனுக்குப் பெயரில்லை.

சர்க்கார் காசை விடுங்கள். இங்கே கலைக்கு நிஜமாகச் சோறு போட்டது ஊர்க்காசு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுத் திருவிழாவுக்கு 'வள்ளி திருமணம்' வைப்பார்கள். இந்த ஸ்பெஷல் நாடகத்தின் விசேஷம், ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஆர்மோனியம், மிருதங்கம் தனி. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி, தனித்தனியாகக் கூலி. மேடையில்தான் சந்திப்பு. ஒத்திகை கிடையாது. இதை 'கணத்தின் அழகியல்', 'மூலமற்ற நிகழ்த்துதல்' என்றெல்லாம் நம்மால் கொண்டாட முடியும். எனக்கும் அந்த இரவுகள் பிடிக்கும். பபூனும் டான்ஸ்காரியும் ஒருவர் வாயை ஒருவர் பிடுங்கும் அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு நிகராக நவீன நாடகக்காரர்கள் நிறைய செய்துவிடவில்லை. ஆனால் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் பாலர் சபை நடத்தியபோது சோறும் படுக்கையும் பாடமும் கம்பெனிக்குள்ளேயே இருந்தன; ஒத்திகைக்கு அங்கே இடமிருந்தது. கம்பெனிகள் கலைந்து, ஆளுக்கு ஆள் ஒரு ராத்திரிக் கூலி என்று ஆனபிறகு, ஒத்திகைக்குக் காசு தர யாருமில்லை. ஒத்திகை இல்லாமல் ஆட வேண்டுமானால் எல்லோருக்கும் முன்பே தெரிந்த கதையைத்தான் ஆட முடியும். வள்ளி திரும்பத் திரும்பக் கல்யாணம் செய்துகொள்வதற்கு மரபு மட்டும் காரணமல்ல. கூலி கொடுக்கும் முறையும் காரணம்.

அந்த வரியையும் சும்மா புகழ்ந்துவிட முடியாது. தலித் குடும்பங்களிடம் வரி வாங்காத ஊர்கள் உண்டு. வாங்காதது சலுகையல்ல, வரி இல்லையென்றால் தலைக்கட்டு இல்லை, தலைக்கட்டு இல்லையென்றால் ஊர்க்கூட்டத்தில் பேச்சில்லை. அதே திருவிழாவில் பறையடிப்பவர் கலைஞராக அல்ல, கடமைப்பட்டவராக நிற்கிறார்.

ஒத்திகைக்குக் காசு வந்த ஒரு காலமும் உண்டு. 1991-92இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது நடந்த அறிவொளி இயக்கம். பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றதைத்தான் உலகம் பேசியது. கலைக்குழுக்கள் கூடி உட்கார்ந்து புதுப் பாட்டும் புது நாடகமும் கட்டியதை நாம் பேசியிருக்க வேண்டும். எழுத்தறிவு என்ற சேதிக்கு வெளியே போக அந்தக் காசுக்கு அனுமதியில்லை என்பது நிஜம். அப்படியும் அந்தப் பாட்டுகளில் சில, சேதியை மீறிக்கொண்டு பெண்களின் சந்தோஷமாகவே ஆகிவிட்டன. இயக்கத்தோடு காசும் முடிந்தது.

அயர்லாந்தில் 2003ஆம் ஆண்டின் கலைச் சட்டம், ஒவ்வொரு உள்ளாட்சியும் கலைக்கென ஒரு திட்டம் தீட்டி நடத்த வேண்டும் என்கிறது. ஐரிஷ் மொழிப் பகுதிகளின் கலைகளுக்குத் தனி ஏற்பாடும் உண்டு. சொர்க்கம் என்று சொல்லவில்லை. வட அயர்லாந்தில் 2016 டிசம்பரில், வசதியில்லாத பிள்ளைகள் ஐரிஷ் பேசும் ஊர்களுக்குப் போய் மொழி கற்பதற்கான 50,000 பவுண்டு உதவியை ஓர் அமைச்சர் வெட்டினார். அடுத்த மாதமே துணை முதலமைச்சர் மார்ட்டின் மக்கினஸ் ராஜினாமா செய்ய, ஆட்சி கவிழ்ந்தது. எரிபொருள் மானிய ஊழல்தான் பெரிய காரணம். ஆனாலும் மொழிக்கு நேர்ந்த அவமதிப்பும் சேர்ந்துகொண்டது. வெட்டிய காசைப் பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே அது வரவு செலவில் ஒரு வரி, ஆகவே வெட்டினால் சத்தம் கேட்கிறது. இங்கே அது கொடை. கொடை நின்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சண்டைக்கு ஒரு இடம் காகிதத்தில் இருக்கத்தான் செய்கிறது. 1992இன் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு உரியதாகப் பட்டியலிட்ட 29 விஷயங்களில் 20ஆவது நூலகம், 21ஆவது பண்பாட்டு நடவடிக்கைகள். நூலகத்துக்காவது வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா தனியாக வசூலிக்கிறார்கள். 21ஆவதுக்கு அப்படியொரு பைசா கிடையாது. நான் கேட்பது பெரிய தொகையல்ல: ஆறு பேருக்குப் பத்து நாள் கூலி, டீச் செலவு, சாயங்காலம் பூட்டிக் கிடக்கும் ஒரு சமுதாயக் கூடத்தின் சாவி. கதை என்ன, அதில் என்ன சேதி என்று கேட்காமல்.

பஞ்சாயத்தில் போய்க் கேட்டால் வரி போடும் அதே பெரிய மனிதர்கள்தானே அங்கேயும் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்வீர்கள். பெரும்பாலும் ஆமாம். ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஊர்க்கூட்டத்துக்குத் தலைக்கட்டு வேண்டும். கிராம சபைக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். பறையடிப்பவரும் ஸ்திரீபார்ட் கட்டுகிற பெண்ணும் அங்கே எழுந்து, ஒத்திகைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க என்று கேட்கலாம். தீர்மான நோட்டில் ஏத்துங்க என்றும் சொல்லலாம்.