அவையிலே ஒளிரும் கைப்பேசி

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர இசைமண்டபத்தில் 2024 ஏப்ரலில் ஒரு பாட்டு நடுவே நின்று போயிற்று. பாடியவர் இயன் பாஸ்ட்ரிட்ஜ். பாடப்பட்டது, பிரெஞ்சுக் கவிஞர் ரேம்போவின் வசன கவிதைகளுக்குப் பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்து 1939இல் முடித்த பாடற்றொகுதி. குரலுக்குத் துணையாக நரம்புக் கருவிகள் மட்டுமே ஒலிக்கும் நுண்ணிய படைப்பு அது. பாஸ்ட்ரிட்ஜ் பாட்டை நிறுத்தி, கைப்பேசிகளைக் கீழே வைக்குமாறு அவையோரை வேண்டினார். படம் பிடிக்க அனுமதித்திருந்தது அந்நகர இசைக்குழுவே என்பது பின்னர்தான் அவருக்குத் தெரிய வந்தது! அப்பாடற்றொகுதியின் பெயருக்கு 'ஒளியூட்டல்கள்' என்றும் பொருள் கொள்ளலாம் என்பதை எண்ணும்போது நமக்கு நகைப்பு எழாமலில்லை.

இசைக்குழுவினரை எடுத்த எடுப்பிலேயே குற்றம் கூறிவிட நாம் விரும்பவில்லை. அந்நகர மன்றம் 2023 செப்டம்பரில் தன் நிதிநிலை முறிந்துவிட்டதாக அறிவித்தது. குழுவுக்கு அளித்து வந்த மானியத்தைப் பாதியாகக் குறைத்து, அடுத்த ஆண்டில் அடியோடு நிறுத்தவும் முடிவு செய்தது. புதிய முகங்களைத் தேடியாக வேண்டிய நிலை. ஓர் இளைஞர் இன்ஸ்டாகிராமில் இடும் சிறு படத்துணுக்கு அவருடைய நண்பர் பத்துப் பேரை அரங்கிற்கு அழைத்து வரும் என்று நம்பியதில் வியப்பில்லை.

ஆனால் அத்துணுக்கில் இருப்பது என்ன? ஒரு பாடல் மெல்ல எழுந்து, தயங்கி, அடங்கும் அழகு அரை நிமிடத்துள் அகப்படுவதன்று. படத்தை இட்டவரும் அத்தோடு நிற்பதில்லை. யார் பார்த்தார், யார் பாராட்டினார் என்று நொடிக்கொரு முறை திரையை நோக்குகிறார். மேடையிலோ பாட்டு நடந்து கொண்டேயிருக்கிறது. பின்வரிசையில் இருப்பவரின் கண்ணில் அத்திரையின் வெளிச்சம் உறுத்துகிறது. அவரும் சீட்டு வாங்கி வந்தவர்தாமே!

நம் காப்பியப் புலவர்கள் அவையடக்கம் பாடிய பிறகே கதையைத் தொடங்கினர். அவைக்கும் ஓர் அடக்கம் உண்டென்பதை யாரும் பாடி வைக்கவில்லை; அன்று அதற்குத் தேவை எழவில்லை போலும்.

இது வெறும் நாகரிகப் பிரச்சினையுமன்று. போலந்து நாட்டுப் பியானோக் கலைஞர் கிறிஸ்தியான் சிமர்மன், 2013இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில், ஒருவர் கைப்பேசியில் படம் பிடிப்பதைக் கண்டு மேடையை விட்டிறங்கினார். திரும்பி வந்து அவர் கூறிய காரணம் சிந்திக்கத் தக்கது. யூடியூபில் முன்பே இருக்கிறதென்று சொல்லிப் பதிவு நிறுவனத்தார் கைவிட்டதால், பல ஒலிப்பதிவு வாய்ப்புகளை அவர் இழந்திருக்கிறாராம். கலைஞரின் இசைவின்றி எடுக்கப்படும் படம் அவருடைய பிழைப்பிலும் கை வைக்கிறது என்பதை ரசிகர்கள் பெரும்பாலும் அறிவதில்லை.

பர்மிங்காம் குழுவினர் பின்னர்த் தம் அறிவிப்பைத் திருத்தி, கைதட்டும் வேளைகளில் படமெடுப்பதே நலம் என்றனர். பொருத்தமான ஏற்பாடுதான். அதற்கு முன்பாகவே, மேடையேற இருந்த பாடகரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.