சுக்குக் கஷாயத்தின் காரம்

மாதவிடாய் வலிக்குச் சுக்குக் கஷாயம் கொடுப்பதை வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதில் நல்ல மருந்தறிவு இருக்கிறது. இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளிலிருந்து வருகிறது. காயும்போது அதில் ஒரு பகுதி நீரிழந்து, இன்னும் காரமான ஷோகால் ஆகிறது. ஆகவே சுக்கு ஈரம் போன இஞ்சி மட்டுமல்ல, குணமே மாறிய சரக்கு. தோலைச் சீவி, இடித்து, கொத்தமல்லி விதையோடு கொதிக்கவிட்டு, கருப்பட்டி போட்டு இறக்கினால் அந்தக் காரம் தொண்டைக்கு இணங்கிவிடுகிறது. மாதவிடாயின்போது கருப்பையை இறுக்கிப் பிழிந்து வலி தருபவை புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருள்கள். அவை உருவாவதை இஞ்சியின் காரப்பொருள்கள் குறைப்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிகிறது. வலி மாத்திரையான இபுப்ரூஃபன் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

சூடுதான் இதம் தருகிறது, சுக்குக்கு அதில் பங்கில்லை என்பார்கள். சூடு இதமளிப்பது உண்மை. ஆனால் 2009-இல் வெளியான ஈரானிய ஆய்வில் மாணவிகளுக்குக் கொடுத்தது கஷாயமல்ல. 250 மில்லிகிராம் இஞ்சித்தூள் கேப்ஸ்யூல், நாளுக்கு நான்கு, மூன்று நாள். இபுப்ரூஃபன் எடுத்தவர்கள் அளவுக்கு இவர்களுக்கும் வலி தணிந்தது. அதில் போலி மாத்திரைக் குழு இல்லையே என்றால், 2012-இல் அப்படி ஒப்பிட்ட ஆய்விலும் இஞ்சியே முன்னின்றது. இவை சிறிய ஆய்வுகள் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால்தான் சுக்கை மாத்திரைக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. இதைவிடக் கனமான குறை, கஷாயத்தைக் கொடுத்துப் பெண்ணின் வாயை அடைத்துவிடுவது. மாதாமாதம் பள்ளிக்குப் போகவிடாமல் முடக்கும் வலிக்குப் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் என்ற கருப்பை சார்ந்த நோய் இருக்கலாம். அவளை மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும், தம்ளர் கையில் இருந்தாலும்.