யாருக்குச் சோதனை?

1925 நவம்பர் கடைசியில் ‘நவஜீவன்’ வார இதழில் காந்தி தன் கதையை எழுதத் தொடங்கியபோது கஸ்தூர்பா அவரோடு சபர்மதி ஆசிரமத்தில் இருந்தார். பள்ளிப் பரிசாகக் கிடைத்து அலமாரியில் தூசி படியும் ‘சத்திய சோதனை’யைப் பார்த்துப் பழகிய நமக்கு இது நினைவுக்கு வருவதில்லை. அது வாராவாரம் வந்த தொடர். அதில் வரும் மனைவி, இதழ் வெளியான மறுநாளும் அதே ஆசிரமத்தில் நான்கு பேர் முகத்தில் விழித்தாக வேண்டியவர். எளிய குஜராத்தியைப் புரிந்துகொள்ளவே அவர் சிரமப்படுவார் என்ற தகவலும் அந்தத் தொடரில்தான் இருக்கிறது.

வீட்டு விவகாரத்தைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டால், எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு பதில் சொல்வார்கள்: அடுத்தவரைக் குற்றம் சொல்லாமல் என்னையே கூண்டில் நிறுத்திக்கொள்கிறேன், அப்புறம் என்ன? இந்தப் பதிலுக்குக் காந்தியைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அதனால்தான் அதை அவரிடமே உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டர்பன் வீட்டுச் சண்டை பலருக்கும் தெரிந்தது. வருஷம் 1898. வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாக்களின் மூத்திரச் சட்டிகளைக் கணவனும் மனைவியும் எடுத்துக் கொட்டுவது வழக்கம். பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு கிறிஸ்தவரின் சட்டியை எடுக்க கஸ்தூர்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணீரோடு எடுத்துக்கொண்டு படியிறங்குகிறார். அழுதுகொண்டு செய்தால் போதாது, முகம் மலர்ந்து செய்ய வேண்டும் என்கிறார் கணவர். வார்த்தை முற்றி, கையைப் பிடித்து, வெளியே தள்ள வாசல்வரை இழுத்துக்கொண்டு போகிறார். அந்நிய நாட்டில் நான் எங்கே போவேன், உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கஸ்தூர்பா கேட்ட பிறகுதான் கதவு சாத்தப்படுகிறது.

நாடே மகாத்மா என்று அழைத்த ஒருவர் இதை எழுதியது சின்ன விஷயம் அல்ல. யாரும் கேட்கவில்லை, மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மனைவியை அடக்கி ஆள்வது ஆண்மை என்று நம்பிய ஏராளமான கணவர்கள் அந்த வாசற்படியில் தங்களைப் பார்த்திருப்பார்கள். இப்படி எழுதுவதன் பலன் இதுதான். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் காட்சியில் அம்பலமாகிறவர்கள் இரண்டு பேர். தன் முரட்டுத்தனத்தைக் காந்தி ஒப்புக்கொண்டு, வருந்தி, நம் மனதில் இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்துவிடுகிறார். சாதி பார்த்து முகம் சுளித்தவர் என்ற பேச்சு கஸ்தூர்பாவோடு நின்றுவிடுகிறது. பிறகு அவர் மாறினாரா, எப்படி மாறினார், அன்று மனதில் என்ன ஓடியது என்று அவர் பார்வையில் சொல்லும் ஒரு பக்கமும் அந்தத் தொடரில் இல்லை.

தந்தை இறந்த இரவைப் பற்றிய அத்தியாயம் இன்னும் சங்கடமானது. காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையன், சித்தப்பா வந்து பொறுப்பேற்றதும் படுக்கையறைக்குப் போகிறான். தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்புகிறான். ஐந்தாறு நிமிடத்தில் கதவு தட்டப்படுகிறது. காந்தி இதைத் தன் வெட்கம் என்கிறார். அந்த அறையில் இருந்த இன்னொருவருக்கும் அதே வயதுதான். கர்ப்பிணி வேறு. பிறந்த குழந்தை மூன்று நான்கு நாளுக்கு மேல் தங்கவில்லை என்பதையும் அதே அத்தியாயம் சொல்கிறது, அந்த இரவின் பாவத்துக்குத் தண்டனைபோல. தாய்க்கு அது பாவக் கணக்காகவா இருந்திருக்கும், பிள்ளையைப் பறிகொடுத்த துக்கமாகவா?

தமிழில் ‘சோதனை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். செய்து பார்ப்பதும் சோதனை. எனக்கு ஏன் இந்தச் சோதனை என்று ஒருவர் நெற்றியில் அடித்துக்கொள்வதும் சோதனை. மொழிபெயர்ப்பாளர் நினைத்து வைத்தாரோ இல்லையோ, தமிழ்த் தலைப்பில் கணவனும் மனைவியும் சேர்ந்தே இருக்கிறார்கள்.

உண்மை என்றால் முழு உண்மை, அதில் பாதி சொல்லிப் பாதி மறைக்க முடியாது என்று வாதிடலாம். ஆனால் காந்தியே மறைத்திருக்கிறார். மாமிசம் சாப்பிடப் பழக்கிய நண்பரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாலும் பெயரைச் சொல்லவில்லை. கடைசி அத்தியாயம் இதைவிட முக்கியம். 1921 முதல் காங்கிரஸ் தலைவர்களோடு நெருங்கி வேலை செய்திருப்பதால், அவர்களைத் தொடாமல் இனி எதையும் எழுத முடியாது என்று காரணம் சொல்லிக் கதையை நிறுத்திக்கொள்கிறார். சிரத்தானந்தர், தேசபந்து, ஹக்கீம் சாகிப், லாலாஜி போய்விட்டார்கள். மற்றவர்கள் நல்லவேளையாக உயிரோடு இருக்கிறார்களே என்பது அவர் கணக்கு. இருக்கிற மனிதரைப் பற்றி எழுதுவதில் ஒரு நாசூக்கு வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சக தலைவர்களுக்குக் கிடைத்த அந்த நாசூக்கு வீட்டில் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. மனைவியைத் தன்னில் ஒரு பகுதியாக நினைத்திருக்கலாம். நம் வீடுகளில் அன்பு என்ற பெயரில் நடக்கும் அத்துமீறல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

மூத்த மகன் ஹரிலால் விஷயத்தில் காந்தி எழுதிய இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1925 ஜூனில் ‘யங் இந்தியா’வில், ஹரிலாலின் தந்தை நான்தான், ஆனால் அவருடைய கம்பெனிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று காந்தி எழுதினார். அந்தக் கம்பெனியை நம்பிப் பணம் போட்ட ஒருவருக்காக வக்கீல் கடிதம் வந்திருந்தது. காந்தி என்ற பெயரை நம்பி இன்னும் பலர் ஏமாறக்கூடும். அங்கே மௌனம்தான் தவறாகியிருக்கும். ‘சத்திய சோதனை’யிலோ, மகனிடம் தான் காணும் குறைகள் தன் கட்டுப்பாடற்ற இளமையின் எதிரொலி என்கிறார். கேட்கப் பணிவாக இருக்கிறது. ஆனால் ஹரிலாலின் தோல்விகூட ஹரிலாலுடையதாக இல்லாமல் அப்பாவின் கதையில் ஓர் அடிக்குறிப்பாகிவிடுகிறது. ஹரிலாலுக்குச் சொல்ல நிறைய இருந்தது. 1915-லேயே தந்தைக்கு ஒரு நீண்ட கடிதத்தை அச்சடித்துச் சுற்றுக்கு விட்டார். அதைப் படித்தவர்களையும் ‘சத்திய சோதனை’ படித்தவர்களையும் எண்ணிக்கையில் ஒப்பிடவே முடியாது.

இத்தனையும் சொன்ன பிறகு, எனக்கு எதிரான சாட்சியையும் நானே கூப்பிட வேண்டும். 1901-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கிளம்பும்போது வந்த பரிசுகளில் கஸ்தூர்பாவுக்கென்றே ஐம்பது கினி மதிப்புள்ள ஒரு தங்கச் சங்கிலி இருந்தது. எல்லாவற்றையும் திருப்பித் தர முடிவு செய்த காந்தி, முதலில் பிள்ளைகளைத் தன் பக்கம் வக்கீலாகச் சேர்த்துக்கொண்டதை மறைக்காமல் எழுதுகிறார். கஸ்தூர்பா விடவில்லை. மருமகள்களுக்கு வேண்டாமா, பிள்ளைகளை இப்போதே சாமியார் ஆக்கப் பார்க்கிறீர்களா, இரவும் பகலும் நான் உழைத்தது சேவை ஆகாதா என்று கேட்கிறார். ஒன்றுக்கும் சரியான பதில் இல்லை. சில கேள்விகள் தைத்தன என்று காந்தியே ஒப்புக்கொள்கிறார். அவர் எழுதாமல் விட்டிருந்தால் இந்தக் குரல் நமக்குக் கேட்டே இருக்காது.

நகைகள் வங்கிக்குப் போயின, பொது அறக்கட்டளையின் பெயரில். அதற்காகத் தான் ஒருநாளும் வருந்தியதில்லை, காலப்போக்கில் மனைவியும் அதுவே சரி என்று உணர்ந்துகொண்டார் என்று அந்த அத்தியாயத்தின் முடிவில் வருகிறது. அந்த வரியையும் அவரேதான் எழுதினார்.