சாலைகள் பெற்ற பிள்ளைகள்

1967ஆம் ஆண்டு, ஃபின்லாந்தின் ‘ஆயிரம் ஏரிகள்’ ராலி. ஊனின்போயா என்ற காட்டுப்பாதையில் டிமோ மாக்கினென் ஓட்டிவந்த மினி கூப்பரின் பானெட்டைக் கட்டியிருந்த வார் அவிழ்ந்துகொண்டது. பானெட் நிமிர்ந்து முன்கண்ணாடியை முழுக்க மறைத்துவிட்டது. மாக்கினென் நிறுத்தவில்லை. ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டிப் பார்த்தபடியே, மேடும் பள்ளமுமான அந்தப் பாதையை ஓட்டி முடித்தார். ராலியையும் வென்றார். வாயைப் பிளந்த பானெட்டுடன் கார் பாயும் அந்தப் படத்தைப் பழைய ராலி ரசிகர்கள் இன்றும் ஆசையாகப் பார்க்கிறார்கள்.

இன்றைய ராலி கார் அன்றைய கார்களைவிட வேகமானது, பாதுகாப்பானது. எந்த ரசிகரும் இதை மறுக்கமாட்டார். ஆனாலும் 1960க்கும் 1986க்கும் இடைப்பட்ட காலத்தை நினைத்து அவர்கள் உருகுவதற்குக் காரணம் இருக்கிறது. அப்போதெல்லாம் ஒரு காரைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்த ஊர்ச் சாலையில் வளர்ந்தது என்று சொல்லிவிட முடியும். நாதஸ்வரத்துக்கும் வாய்ப்பாட்டுக்கும் பாணி இருப்பதுபோல ராலிக்கும் பாணிகள் இருந்தன.

வடக்கத்திய பாணி பனியிலும் சரளையிலும் பிறந்தது. அதன் முதல் வாத்தியார் ஸ்வீடனின் எரிக் கார்ல்சன். அவர் ஓட்டிய சாப் 96 மூன்று சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட, 850 சி.சி.யைத் தாண்டாத சின்னக் கார். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் சோர்ந்துவிடும், மறுபடி வேகம் பிடிக்க நேரமாகும். எனவே வலது காலை எடுக்காமலே இடது காலால் பிரேக்கை அழுத்தினார். முன்சக்கரங்கள் இழுத்துக்கொண்டே இருக்க, பின்பக்கம் மட்டும் பிடி தளர்ந்து வளைவுக்குள் தானாகத் திரும்பியது. பலமில்லாத எஞ்சின் கற்றுக்கொடுத்த இந்த வித்தையால் 1960, 61, 62 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியையும், 1962, 63இல் மான்டி கார்லோவையும் வென்றார். வழியில் பலமுறை காரைக் குப்புறக் கவிழ்த்தும் இருக்கிறார். ‘கூரைமேல் கார்ல்சன்’ என்ற செல்லப்பெயர் அப்படித்தான் வந்தது. வளைவுக்கு முன்னால் எதிர்த்திசையில் ஒரு வெட்டு வெட்டி, அந்த ஆட்டத்தின் விசையிலேயே காரைத் திருப்புவதும் இந்தப் பாணியின் உத்திதான்.

பிரிட்டன் தந்தது எளிமை. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய மினியைக் கொண்டு பேடி ஹாப்கிர்க் 1964இல் மான்டி கார்லோவை வென்றார். 1966இல் முதல் மூன்று இடங்களையும் மினிகளே பிடித்தன. ஹெட்லைட் அமைப்பு விதிப்படி இல்லை என்று மூன்றையும் தகுதிநீக்கம் செய்துவிட்டு, சிட்ரோயன் ஓட்டிய ஃபின்லாந்துக்காரர் பௌலி டோய்வோனென் வென்றதாக அறிவித்தார்கள். அந்தக் கசப்பு ரசிகர்களிடம் இன்னும் தீரவில்லை. பிறகு வந்த ஃபோர்டு எஸ்கார்ட் முன்னால் எஞ்சின், பின்சக்கர இயக்கம் என்ற பழைய இலக்கணத்தை விடாத கார். காட்டுச் சாலைகளில் ஓடும் ஆர்.ஏ.சி. ராலியை 1972 முதல் 1979 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் வென்றது.

பிரான்சின் ஆல்ப்ஸ் மலைத் தார்ச்சாலைக்குப் பிறந்தது ஆல்பின் ஏ110. ஃபைபர்கிளாஸ் உடல், பின்னால் எஞ்சின். உலக ராலி சாம்பியன்ஷிப் தொடங்கிய 1973இல் முதல் பட்டம் அதற்கே.

இத்தாலியர்கள் அடுத்த படிக்குப் போனார்கள். அதுவரை ராலிக்காரர்கள் கடையில் விற்கும் காரை எடுத்துத் திருத்திக்கொண்டார்கள். லான்சியா நிறுவனம் ராலியை மனத்தில் வைத்தே ஒரு காரைப் படைத்தது. அதுதான் ஸ்ட்ராடோஸ். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2.18 மீட்டர்தான், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஃபெராரியின் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஹெல்மெட்டின் முகக்கண்ணாடிபோல வளைந்த முன்கண்ணாடி. கொண்டை ஊசி வளைவில் பம்பரம்போலச் சுழலும், நேர்ச்சாலையில் படபடக்கும். 1974, 75, 76 மூன்று ஆண்டுகளும் உலகப் பட்டம் அதன் கையில்தான். ராலி கார்களில் இதைவிட அழகானது வரவில்லை என்பதே இக்கட்டுரையின் கட்சி.

1981இல் ஆடி குவாட்ரோ நான்கு சக்கர இயக்கத்தோடும் டர்போவோடும் வந்ததும் எல்லாப் பாணிகளும் ஆட்டம் கண்டன. அந்த ஆண்டே பிரான்சின் மிஷேல் மூட்டோன் அதை ஓட்டி சான்ரெமோ ராலியை வென்றார். உலக ராலிச் சுற்று ஒன்றில் வென்ற முதல் பெண் அவர். மறு ஆண்டு மூன்று வெற்றிகளோடு பட்டத்துக்கு வெகு அருகில் வந்தார். 1982இல் அறிமுகமான ‘குரூப் பி’ விதிப்படி, ராலியில் இறக்க இருநூறு கார்கள் தயாரித்தாலே போதும். பெஜோ 205 டி16, லான்சியா டெல்டா எஸ்4 போன்ற அசுர கார்கள் பிறந்தன. அவற்றின் சீறலைக் கேட்டவர்கள் மறக்கவில்லை.

ஆனால் அந்தக் காலத்தைப் புகழ்கிறவர் அதன் கடைசிப் பக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாலையை அடைத்து நின்ற கூட்டம், கார் கிட்டே வந்த பிறகுதான் விலகும். 1986இல் போர்ச்சுகலில் ஒரு கார் கூட்டத்தில் பாய்ந்து பார்வையாளர்கள் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு மே 2ஆம் தேதி கோர்சிகாத் தீவில் ஹென்ரி டோய்வோனெனும் கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் டெல்டா எஸ்4 காரோடு எரிந்துபோனார்கள். ஹென்ரி, 1966இல் மான்டி கார்லோ வெற்றியாளராக அறிவிக்கப்பட்ட பௌலியின் மகன். சரியாக இருபது ஆண்டு கழித்து, அந்த ஜனவரியில்தான் அதே மான்டி கார்லோவைத் தகராறு இல்லாமல் வென்றிருந்தார். ஆண்டு முடிவோடு குரூப் பி நிறுத்தப்பட்டது. நிறுத்தியது சரியே.

அந்தக் காலத்திலிருந்து மிஞ்சிய பழைய கார்களை மதிப்பிடவும் அளவுகோல்கள் உண்டு. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு பழைய போட்டிக் கார்களுக்குத் தொழில்நுட்பக் கடவுச்சீட்டு தருகிறது. எந்த ஆண்டின் அமைப்பில் ஓடியதோ அந்த அமைப்பிலேயே இருக்க வேண்டும். நம்பர் பிளேட்டை மட்டும் நம்பக்கூடாது. அந்நாளில் நிறுவன அணிகள் நசுங்கிய உடலைத் தூக்கிப்போட்டுவிட்டு, அதே எண்ணைப் புது உடலில் மாட்டிவிடுவது சகஜம். ‘இது நகல்’ என்று சொல்லியே ஓட்டுகிறவரைக் குறை சொல்லத் தேவையில்லை. அசல் என்று விற்கிறவர்தான் ரசிகர்களின் கோபத்துக்கு ஆளாகிறார். எல்லாவற்றுக்கும் மேலான அளவுகோல், கார் ஓட வேண்டும் என்பது. ஜெர்மனியின் டௌன் ஊரில் நடக்கும் ஐஃபெல் விழாவில் நேரம் குறிப்பதில்லை. மூடிய சாலையில் பழைய கார்கள் பக்கவாட்டில் சறுக்கிப் போவதைக் காணவே கூட்டம் வருகிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் மெருகேற்றி வைத்த காருக்கு இந்தச் சுகம் கிடையாது.

கடைசியாக ஆப்பிரிக்கப் பாணி. 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டையொட்டித் தொடங்கியது கிழக்காப்பிரிக்க சஃபாரி. அந்நாளில் அங்கே சாலையை அடைக்கமாட்டார்கள். மாடு வரும், லாரி வரும், ஒட்டகச்சிவிங்கி குறுக்கே போகும். ஒரு மழை பெய்தால் செம்மண் சேறு அச்சுவரை விழுங்கும். அங்கே வேகத்தைவிட உறுதி பெரிதாக இருந்தது. கென்யாவில் பிறந்த ஜோகிந்தர் சிங், ஏற்கெனவே ராலியில் அடிபட்ட வோல்வோ ஒன்றை ஓட்டி 1965இல் வென்றார். உகாண்டாவில் பிறந்த சேகர் மேத்தா ஐந்து முறை வென்றார். இந்திய வம்சாவளியினர் இருவர் ராலி உலகின் உச்சியில் நின்ற இடம் இதுதான்.

1974இல் ஜோகிந்தர் சிங் மிட்சுபிஷி லான்சரில் வென்றபோது, போர்ஷே 911இல் இரண்டாவதாக வந்தவர் ஸ்வீடனின் பியோர்ன் வால்டகோர்ட். போர்ஷேவுக்கு அந்நாளில் சஃபாரி கடைசிவரை கைகூடவில்லை. 2011இல் பழைய கார்களுக்கான சஃபாரி கிளாசிக் ராலியில், அதே மண்ணில், ஒரு பழைய 911ஐ ஓட்டி வால்டகோர்ட் முதலிடம் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 68.